ராயப்பேட்டை அச்சுக்கூடத்திலிருந்து சொந்த சர்வர் வரை

பொங்கல் விடுமுறையில் எங்கள் வலைத்தளத்தை இடம் மாற்றினோம். ஆறு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் இலவச இடத்தில் இருந்தது. இப்போது மாத வாடகைக்கு எடுத்த ஒரு விபிஎஸ்சில், அதாவது நாங்களே நிர்வகிக்கும் தனி சர்வரில் இருக்கிறது. "எதுக்குத் தோழர் இந்த வேலை? எழுதறதை விட்டுட்டு மெஷினைக் கட்டிக்கிட்டு அழறீங்களே" என்று மூத்த தோழர்கள் சிலர் கேட்டார்கள். "நாங்களும் மாறலாமா? என்ன படிக்கணும்?" என்று மாணவர்கள் சிலர் கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். இந்தக் கேள்வி கணினி வந்த பிறகு பிறந்ததில்லை. இதே சென்னையில், எங்கள் அறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் இதைக் கேட்டுப் பதிலும் கண்டிருக்கிறார்கள்.

முதலில் எங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். ஒரு காலையில் தளம் திறக்கவில்லை. விதிமீறல் என்று ஒற்றை வரி. எந்த விதி, எந்தக் கட்டுரை என்று சொல்லவில்லை. அந்த வாரம் நாங்கள் வெளியிட்டிருந்தது இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்' இதழைப் பற்றிய கட்டுரை. தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. இழிசொல் என்று யாரோ புகார் சொல்லியிருக்கலாம், இயந்திரமே அப்படி எண்ணியிருக்கலாம். அது எங்கள் ஊகம்தான். மூன்று முறை மேல்முறையீடு செய்தோம். மூன்று முறையும் ஒரே பதில், ஒரே வார்த்தைகளில் வந்தது. பதினோரு நாள் கழித்துத் திறந்தார்கள், அதற்கும் காரணம் சொல்லாமல். ஆனால் படங்கள் இருந்த பகுதி திரும்பி வரவே இல்லை.

அந்தப் படங்கள் சாதாரணமானவை அல்ல. 2022இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது எங்கள் மாணவர்கள் எடுத்தவை. கதவு எண், மின்சார மீட்டர், வாசலில் நின்ற குடும்பம் என்று வீடு வீடாக எடுத்திருந்தார்கள். ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட ஓர் அக்கா, மாற்று வீடு கேட்டு எழுதிய மனுவோடு இணைக்க, "என் வீட்டு நம்பர் தெரியற மாதிரி ஒரு படம் போட்டிருந்தீங்களே, அதை எடுத்துக் குடு தம்பி" என்று கேட்டுப் போன் செய்தார். எங்களிடம் இல்லை. தளத்தில் இருக்கிறதே என்று வேறு எங்கும் வைக்கவில்லை. பிறகு ஒரு மாணவரின் பழைய போனில் நாற்பது படங்களில் ஏழு கிடைத்தன. அந்த ஏழில் அக்காவின் வீடு இல்லை. நாங்கள் இடம் மாற முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

பத்து ரூபாயில் தொடங்கிய இதழ்

ஒடுக்கப்பட்ட மக்கள் எழுதத் தொடங்கியது நேற்றல்ல. 1869இல் வந்த 'சூரியோதயம்' தொடங்கி 1943இன் 'உதயசூரியன்' வரை நம்மவர் நடத்திய இதழ்களின் வரலாற்றை ஜெ. பாலசுப்பிரமணியம் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். அந்த நீண்ட வரிசையில் இரண்டு இதழ்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் சென்னையில் பிறந்தவை.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், மாதம் ஒருமுறை, விலை இரண்டு அணா. போட்ட முதல் பத்து ரூபாய். நானூறு பிரதிகள் இரண்டே நாளில் விற்றுப்போயின என்று 1939இல் வெளியிட்ட தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அவரே பதிவு செய்திருக்கிறார். மூன்று மாதத்தில் வார இதழானது. இரண்டு ஆண்டில் அதற்கென்று சொந்த அச்சுக்கூடம் வந்துவிட்டது.

பெயரை அவர் வேண்டுமென்றேதான் வைத்தார். நம்மவர்கள் சாதியை மறைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றால் உரிமை கேட்க யாரும் இருக்கமாட்டார்கள், இன்னார் என்று சொல்லிக்கொண்டே முன்னால் வரவேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படி ஒரு பெயரை அட்டையில் போட்டு நடத்தும் இதழைப் பிறர் அச்சகத்தின் தயவில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் முகம் சுளித்தால் போதும், அச்சக முதலாளி இந்த வாரம் வேலை அதிகம் என்று சொன்னால் போதும், இதழ் நின்றுவிடும்.

சொந்த அச்சகத்தின் தேவை நமக்கு மட்டும் இருந்ததில்லை. 1878இல் ஆறு இளைஞர்கள் சேர்ந்து 'தி இந்து'வைத் தொடங்கியபோது கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் எண்பது பிரதிகள் அடித்தார்கள். மின்ட் தெருவில் ஸ்ரீநிதி அச்சகத்தில் அச்சானது. ஐந்து ஆண்டில், 1883இல், அவர்கள் மவுண்ட் ரோட்டுக்கு வந்து நேஷனல் பிரஸ் என்று சொந்த அச்சகம் வைத்துக்கொண்டார்கள். பத்திரிகை நடத்துகிறவருக்கு அச்சகம் வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்த பாடம். வேறுபாடு, அவர்களுக்குப் பின்னால் வக்கீல்களும் நிலவுடைமையாளரும் இருந்தார்கள். சீனிவாசனுக்குப் பின்னால் இரண்டு அணா கொடுத்து இதழ் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

சொந்த அச்சகம் வைத்தவருக்குப் பொறுப்பும் சொந்தம். 1896இல் இதழில் வந்த ஓர் எழுத்துக்காக அவர்மேல் வழக்குப் போட்டு நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். இதழ் தொடங்கப் போட்ட முதலைப்போலப் பத்து மடங்கு. அதன் பிறகும் இதழ் வந்தது. 1900இல் சீனிவாசன் கடல் கடந்து போனார். அதோடு 'பறையன்' நின்றது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பி வருவோம்.

அடையாறும் ராயப்பேட்டையும்

அதே காலத்தில் ராயப்பேட்டையில் பண்டிதர் அயோத்திதாசர் இருந்தார். 1898இல் அவரும் கிருஷ்ணசாமியாரும் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட்டைச் சந்தித்தார்கள். அவரோடு இலங்கைக்குப் போய் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார்கள். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது. ஆல்காட் அதற்கு முன்பே, 1894இல், அடையாறில் நம் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கியிருந்தார். அவருடைய உதவியை நாம் மறக்கவில்லை. அந்தப் பள்ளி இன்றும் பெசன்ட் நகர் போகும் வழியில் அவர் பெயரில் நடக்கிறது.

ஆனால் ஆதரவாளரின் இடத்தில் நமக்குக் கிடைக்கும் வசதி, அந்த ஆதரவாளர் இருக்கும் வரைக்கும்தான். 1907 பிப்ரவரி 17இல் ஆல்காட் இறந்தார். அன்னி பெசன்ட் சபைக்குத் தலைவரானார். இரண்டு ஆண்டுக்குள், 1909 பிப்ரவரியில், 'இந்தியன் ரிவ்யூ' இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக் கூடாது என்பது அதன் சாரம், சுத்தத்தைக் காரணம் காட்டி. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற 1945 நூலில் பாபாசாகேப் அம்பேத்கர் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தியிருக்கிறார். அதே சபை, அதே அடையாறு வளாகம், அதே ஆலமரம். தலைமை மாறியதும் குரல் மாறிவிட்டது. நிறுவனத்தை யாரோ வாங்கிய மறுமாதம் விதிகள் மாறிப்போவதை இன்று சமூக ஊடகங்களில் பார்க்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆல்காட் இறந்து நான்கு மாதம் கழித்து, 1907 ஜூன் 19 புதன்கிழமை, ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. நான்கு பக்கம். காலணா என்று சொல்வோமே, அந்த ஒரு பைசாதான் விலை. ஒரு ரூபாய்க்கு அறுபத்து நான்கு பேர் வாங்கலாம். துரைமார் வீட்டுச் சமையல்காரர், ரயில்வே கூலி, கோலார் சுரங்கத் தொழிலாளி, பட்டாளத்துக்காரர் கையில் காசு எவ்வளவு இருக்கும் என்று தெரிந்து வைத்த விலை அது. அடுத்த ஆண்டு 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. கௌதமா அச்சுக்கூடம் என்ற பெயரில் சொந்த அச்சகமும் வந்தது. 'இந்திரர் தேச சரித்திரம்' தொடராக வந்ததும், புத்தரின் 'ஆதிவேதம்' எழுதப்பட்டதும் அந்த இதழில்தான். இந்தியாவின் வரலாற்றையே பௌத்தத்தின் பக்கம் நின்று திருப்பி எழுதிய மனிதருக்கு, எதை அச்சிடலாம் எதை அச்சிடக்கூடாது என்று சொல்ல இன்னொரு முதலாளி இருந்திருந்தால் அந்தப் பக்கங்கள் நம் கைக்கு வந்திருக்குமா?

சொந்த இடம் இல்லாதவர் பட்ட பாட்டை அறிய பம்பாய்க்குப் போகவேண்டும். 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். கோலாப்பூர் சாகு மகாராஜர் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து உதவினார். இதழ் வருகிறது என்று ஒரு விளம்பரம் போடச் சொல்லி திலகரின் 'கேசரி'யைக் கேட்டார்கள். கட்டணம் தருகிறோம் என்றும் சொன்னார்கள். 'கேசரி' மறுத்துவிட்டது. காசு கொடுத்தாலும் இடமில்லை. சுதந்திரம் எங்கள் பிறப்புரிமை என்று முழங்கிய பத்திரிகைதான்.

இலவச மேடைகள்

இணையம் வந்தபோது அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அச்சகம் வேண்டாம், காகிதம் வேண்டாம், தபால்தலை வேண்டாம். யாரும் எழுதலாம். அது பெரிய விடுதலைதான், மறுக்கவில்லை. ஊர்ப் பக்கத்தில் நடந்த தீண்டாமைக் கொடுமையை அன்று மாலையே உலகம் படித்தது. பெரிய பத்திரிகைகள் ஒதுக்கிய செய்திகளை நம் பிள்ளைகள் தாங்களே எழுதினார்கள்.

ஆனால் அந்த இடங்கள் நம்முடையவை அல்ல. தொண்ணூறுகளில் எத்தனையோ தமிழர்கள் முதல் பக்கத்தைத் திறந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பரில் போனது. யாஹூ குழுமங்கள் 2019 டிசம்பரில் பழைய மடல்களையும் கோப்புகளையும் அழித்தன, அடுத்த ஆண்டு முற்றிலும் நின்றன. சாதி பற்றிய செய்திகளை நாள்தோறும் திரட்டிய 'ஜெஸ்ட்காஸ்ட்' போன்ற குழுக்கள் இயங்கிய இடம் அது. 2019 நவம்பரில் பேராசிரியரும் பத்திரிகையாளருமான திலீப் மண்டலின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, பாகுபாடு காட்டுகிறார்கள் என்று நம்மவர் பல நாள் போராட வேண்டியிருந்தது. பெயருள்ளவர் என்பதால் போராட்டம் நடந்தது. பெயரில்லாத மாணவர் ஒருவரின் பக்கம் போனால் கேட்க யார் இருக்கிறார்கள்?

ஒண்டுக்குடித்தனமும் தனிச் சாவியும்

விபிஎஸ் என்றால் என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு மயிலாப்பூர்ப் பழைய வீடுகளை வைத்துச் சொல்கிறோம். இலவசத் தளம் என்பது வீட்டுக்காரர் வீட்டுத் திண்ணையில் படுப்பது. பாயைச் சுருட்டு என்றால் சுருட்டவேண்டும். சாதாரண ஹோஸ்டிங் ஒண்டுக்குடித்தனம். ஒரே வாசல், ஒரே குழாய், பத்துக் குடும்பம். பக்கத்துப் போர்ஷன்காரர் தண்ணீரைத் திறந்துவிட்டால் நமக்கு வராது. விபிஎஸ் என்பது ஒரு பெரிய கணினியைத் தடுப்புச் சுவர் வைத்துத் தனித்தனி வீடாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி கொடுப்பது. உள்ளே என்ன வைக்கலாம், எப்போது திறக்கலாம் என்பது நம் முடிவு. வாடகைதான், ஆனால் சாவி நம்மிடம்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் வாடகை வீடு தேடி அலைந்த நம் பிள்ளைகளுக்கு இந்த உவமை உடனே புரிகிறது. "வெஜிடேரியன் மட்டும்" என்ற பலகையும், "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" என்ற விசாரணையும் அவர்களுக்குப் பழக்கம். சர்வர் வாடகைக்கு விடுகிறவர் தெருவைக் கேட்பதில்லை. கார்டு எண்ணைத்தான் கேட்கிறார்.

எங்கள் இயந்திரம் மிகச் சிறியது. ஒரு ஜிபி நினைவகம், இருபத்தைந்து ஜிபி வட்டு. மாதம் சுமார் ஐந்நூறு ரூபாய். ஐந்து பேர் ஆளுக்கு நூறு போடுகிறோம். அதில் டெபியன் லினக்சும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருளும் ஓடுகின்றன. இரண்டும் யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவை. கட்டுரைகளைத் தரவுத்தளத்தில் அடைக்காமல் சாதாரணக் கோப்புகளாகவே வைத்தோம். ஒரு பென்டிரைவில் மொத்தத் தளத்தையும் எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம்.

முதல் வேலை தளப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தது. இயக்கத்தை விட்டுப் போன ஒரு நண்பரின் பழைய மின்னஞ்சலில் இருந்தது. அவரைத் தேடிப் பிடித்து மாற்ற மூன்று வாரம் ஆனது. இதைப் படிக்கும் ஒவ்வோர் அமைப்பும் இன்றைக்கே இதைச் சரிபார்க்கவேண்டும். பெயர் நம்மிடம் இருந்தால் எந்த சர்வர் போனாலும் மறுநாள் இன்னொன்றில் எழுந்துவிடலாம். பெயர் போனால் வாசகர் நம்மைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது பழைய கோப்புகள். தொண்ணூறுகளில் தட்டச்சு செய்த துண்டறிக்கைகள் சில, அந்தக் கால எழுத்துருக்களில் இருந்தன. எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஒரு சொல்கூடப் புரியாது. ஈயத்தில் வார்த்த எழுத்துகளை அச்சகக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டது போன்ற நிலை. ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றினோம். எழுத்துருக் கிடைக்காத இரண்டை மட்டும் காகிதப் பிரதியைப் பார்த்து மாணவர்கள் மறுபடி தட்டச்சு செய்தார்கள்.

சர்வரைத் திறந்த முதல் இரவிலேயே, கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்த்தவர்களின் பதிவு நூற்றுக்கணக்கில் இருந்தது. பயந்துவிட்டோம். பிறகுதான் புரிந்தது, அது எங்களைக் குறிவைத்த தாக்குதல் அல்ல. இணையத்தில் திறந்த ஒவ்வொரு கதவையும் தட்டிப்பார்க்கும் தானியங்கிகள். கடவுச்சொல்லால் நுழையும் வழியையே மூடி, எஸ்எஸ்எச் திறவுகோல் வைத்திருப்பவர் மட்டும் வரலாம் என்று வைத்தோம். ரூட் என்ற தலைமைக் கணக்கில் நேராக நுழைவதையும் நிறுத்தினோம். தேவையான வாசல்களை மட்டும் விட்டு மற்றவற்றை ஃபயர்வால் போட்டு அடைத்தோம். பெயரைப் புதிய முகவரிக்குத் திருப்பும் முன், பழைய முகவரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை ஒரு நாளிலிருந்து ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டோம். அதனால் மாற்றிய அன்று தளம் தடைபடவில்லை.

தவறும் செய்தோம். தளத்துக்கும் வாசகருக்கும் நடுவில் யாரும் ஒட்டுக் கேட்காமல் இருக்க ஒரு சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது. தொண்ணூறு நாள் செல்லும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நாங்கள் ஒரு வாரம் கழித்து, பாதுகாப்பு என்று நினைத்து எண்பதாம் எண் வாசலையும் அடைத்துவிட்டோம். எங்கள் அமைப்பில் புதுப்பிப்பு அந்த வழியாகத்தான் நடக்கவேண்டும். ஜனவரி 14இல் வாங்கிய சான்றிதழ் சரியாக ஏப்ரல் 14இல் காலாவதியானது. அம்பேத்கர் பிறந்தநாள். ஆண்டிலேயே அதிகம் பேர் வரும் நாள். வந்தவர்கள் எல்லோருக்கும் "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை. எல்லோரும் சிலைக்கு மாலை போடப் போயிருந்ததால் மாலை நான்கு மணிவரை எங்களுக்கே தெரியாது. புகார் சொல்ல எந்த நிறுவனமும் இல்லை. எங்கள் தவறு, நாங்களே சரிசெய்தோம். இருபது நிமிட வேலை. பதினோரு நாள் காரணம் தெரியாமல் காத்திருந்ததோடு ஒப்பிட்டால், இந்த வெட்கம் மேல்.

எவ்வளவு தூரம் சொந்தம்?

சர்வர் எடுத்துவிட்டால் முழு விடுதலை என்று யாரும் நினைக்கவேண்டாம். அயோத்திதாசர் காலத்திலும் அச்சகம் வைத்தவர் சட்டத்துக்கு வெளியே இருக்கவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சகம் வைத்திருப்பவர் மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கொடுக்கவேண்டியிருந்தது. அச்சிட்டவர் பெயரும் இடமும் ஒவ்வொரு வெளியீட்டிலும் இருக்கவேண்டியிருந்தது. 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் புதிய அச்சகங்களிடம் ஐந்நூறு முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்க வழி செய்தது. பைசாவுக்கு இதழ் விற்கிறவரிடம் ஐந்நூறு ரூபாய் கேட்பது எதற்கென்று சொல்லத் தேவையில்லை.

இன்றைக்கு ஜாமீன் தொகை கேட்பதில்லை. ஆனால் 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவில் விபிஎஸ் தருகிறவர்கள் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஐபி முகவரி ஆகியவற்றைச் சரிபார்த்து, அவர் விலகிய பிறகும் ஐந்து ஆண்டு வைத்திருக்கவேண்டும். ஆகவே சொந்த சர்வர் என்பது மறைந்துகொள்ளும் இடம் அல்ல. சீனிவாசனைப்போலப் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும் இடம். அதனால் இரண்டு விதி வைத்துக்கொண்டோம். நாங்கள் எழுதுவதற்கு நாங்கள் பெயர் போட்டுப் பொறுப்பேற்போம். எங்களிடம் வாக்குமூலம் கொடுத்த மக்களின் பெயரும் போன் எண்ணும் ஆவணங்களும் அந்த இயந்திரத்தில் இருக்காது. வழக்கு வந்தால் எங்கள்மேல் வரட்டும், அவர்கள் வாசலுக்குப் போகக் கூடாது.

பிழைத்த இதழும் பிழைக்காத இதழும்

இப்போது சீனிவாசன் கப்பலேறிய இடத்துக்குத் திரும்புவோம். 'பறையன்' ஏழு ஆண்டு வந்தது. சொந்த அச்சகம் இருந்தது. வாசகர் இருந்தார்கள். ஆனால் அந்த இதழ்களின் தொகுப்பு இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அதில் என்ன எழுதினார்கள் என்று தேடும் ஆய்வாளர்கள், சுதேசப் பத்திரிகைகளைக் கண்காணிக்க ஆங்கில அரசு தயாரித்த அறிக்கைகளில் இருக்கும் சுருக்கங்களைத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. நாம் எழுதியது நம்மிடம் இல்லை. நம்மை வேவு பார்த்தவர்களின் கோப்பில் கொஞ்சம் இருக்கிறது.

'தமிழன்' கதை வேறு. 1914 மே 5இல் அயோத்திதாசர் இறந்தார். அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தினார், பிறகு நின்றது. ஆனால் இதழ் போன இடமெல்லாம் அதைத் தம்முடையதாக நினைத்தவர்கள் இருந்தார்கள். 1926இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து 'தமிழன்' மறுபடி வந்தது. முப்பதுகளிலும் தொடர்ந்தது. தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாகப் போட்டது. சென்னையில் அன்பு பொன்னோவியம் பழைய இதழ்களைப் பல காலம் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவற்றைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. எண்பத்தைந்து ஆண்டு கழித்துப் பண்டிதர் நமக்குத் திரும்பக் கிடைத்தார். கிடைத்ததற்குக் காரணம் ராயப்பேட்டை அச்சகம் மட்டும் அல்ல. அது எப்போதோ போய்விட்டது. பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் கட்டிவைத்த கைகள் காரணம்.

கட்டடத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு அண்மைய சாட்சியும் இருக்கிறது. 2016 ஜூன் 25 அதிகாலையில் மும்பை தாதரில் அம்பேத்கர் பவனும் அங்கிருந்த பாபாசாகேபின் புத்தபூஷண் அச்சகமும் இடிக்கப்பட்டன. இடித்தது வெளியாள் அல்ல, அந்த இடத்தை நிர்வகித்த அறக்கட்டளையின் தரப்புதான். மக்கள் பல்லாயிரக்கணக்கில் திரண்டு கண்டித்தார்கள். இடித்த சுவர் இடித்ததுதான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு நாங்கள் சொல்வது இது. சொந்த இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் 'பறையன்' என்ற பெயரையே நம்மால் எழுத முடியாமல் போகலாம் என்று பார்த்துவிட்டோம். ஆனால் சாவி ஒரே ஆளிடம் இருந்தால் அவர் ஊர் மாறும் நாளில் இதழ் நின்றுவிடும். எங்கள் சர்வருக்கு இப்போது மூன்று பேரிடம் தனித்தனித் திறவுகோல் இருக்கிறது. மூவரில் இருவர் பெண்கள், ஒருவர் முதலாண்டு மாணவி. செய்யும் ஒவ்வொரு வேலையையும் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறோம், நாளை வருகிறவர் எங்களைக் கேட்காமலே நடத்தும்படி. வாரந்தோறும் முழுப் பிரதி ஒன்று வீட்டுக் கணினிக்குப் போகிறது. மாதந்தோறும் இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் தோழரின் ஹார்ட் டிஸ்கில் சேர்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து, தளம் அதிலிருந்து எழுகிறதா என்று சோதித்துப் பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதி இருந்தும் பயனில்லை.

எல்லோரும் நாளைக்கே விபிஎஸ் எடுக்கவேண்டியதில்லை. வாரம் இரண்டு மணிநேரம் ஒதுக்க இரண்டு பேர் இல்லையென்றால் எடுக்காதீர்கள். கவனிக்காமல் விட்ட சர்வரை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். முதலில் தளப் பெயரை அமைப்பின் பெயரில் கொண்டுவாருங்கள். அடுத்து, எழுதியதையும் எடுத்த படங்களையும் மூன்று இடத்தில் வையுங்கள். அதன் பிறகு சர்வரைப் பற்றி யோசிக்கலாம். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் அறை திறந்திருக்கிறது. லேப்டாப் இல்லாதவர்களும் வரலாம், இருக்கிற இரண்டைப் பகிர்ந்துகொள்வோம்.

கோவிந்தசாமி நகர்ப் படங்கள் உங்களில் யாரிடமாவது இருக்கலாம். அன்று உடன் வந்தவர்கள் பழைய போனையும் மெமரி கார்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த அக்காவின் மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

ஜெய்பீம்.